கத்தரி படாத கழுத்து

சிங்காநல்லூரில் கிளம்பும் திருப்பூர் பஸ் சூலூரைத் தாண்டுவதற்குள் செங்கோட்டையன் நான்கு வரிசை பின்னிவிடுவார். வலதுபக்கம் மூன்றாவது சன்னலோர இருக்கை. மடியில் அரக்கு நிறக் கம்பளி நூல், கையில் இரண்டு நீள ஊசிகள். ரோட்டில் எந்த இடத்தில் பள்ளம் என்று அவர் உடம்புக்குத் தெரியும். அது வருவதற்கு ஒரு நொடி முன்னால் ஊசிகள் நிற்கும். பஸ் குலுங்கி முடித்ததும் மறுபடி நகரும்.

"மாஸ்டரே, பிரேக் அடிச்சா அந்தக் கம்பிய எம்மேல சொருகிப் போடாதீங்க" என்பார் கண்டக்டர்.

"உங்க வயிறு நாப்பத்திரெண்டு இஞ்சுங்க. அளவு தெரியும், ஒதுக்கியே புடிச்சிருக்கறேன்" என்பார் இவர், தலை நிமிராமல்.

சொன்ன அளவு சரியாகத்தான் இருக்கும். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடமாக கட்டிங் மாஸ்டர். யாரைப் பார்த்தாலும் முதலில் மார்பளவு, பிறகுதான் முகம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் சட்டை ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "நல்ல நூலுங்க, சாயந்தான் நிக்காது" என்று சொல்லிவிடுவார். மனைவி முத்தாத்தாள் எத்தனையோ பந்திகளில் அந்தக் கையைத் தட்டிவிட்டிருக்கிறாள். சட்டைப்பையில் பேனா இருக்காது, ஒரு சின்னக் கத்தரி இருக்கும்.

அவருடைய ஒரே மகள் லோகப்பிரியாவுக்கு சிம்லாவில் வங்கி வேலை கிடைத்தது. மார்கழியில் சேர வேண்டும். அந்தக் குடும்பத்தில் சேலத்துக்கு வடக்கே யாரும் வேலைக்குப் போனதில்லை. தெருவே கேட்கும்படி அவர் சொன்னார்: "எம்பொண்ணு குளுருக்கு நான் பின்னுன ஸ்வெட்டரப் போட்டுட்டுத்தான் ரயிலேறுவா."

அதில் வீம்பு மட்டும் இல்லை. லட்சக்கணக்கான சட்டைகளை வெட்டியவர். ஆனால் வெட்டுவதோடு அவர் வேலை முடிந்துவிடும். தைப்பவர் வேறு, பட்டன் வைப்பவர் வேறு, போட்டுக்கொள்பவர் எந்த நாட்டிலோ. முதல் நூலிலிருந்து கடைசி முடிச்சு வரை அவர் கையால் ஆன துணி என்று ஒன்று இதுவரை கிடையாது.

டவுன்ஹால் பக்கம் நூல் வாங்கினார். செல்போனில் வீடியோ பார்த்துப் பழகினார். அதில் பேசிய பெண்ணின் இந்தி அவருக்குப் புரியவில்லை, கைகள் புரிந்தன. முன்பக்கம் நேராக வளர்ந்தது. கழுத்து வைக்கும் பாடம் வந்தபோது வீடியோவை நிறுத்திவிட்டார். "கழுத்துங்களா? அது நம்ம தொழிலு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னி முடித்த துணியை மேசையில் விரித்தார். கழுத்து அளவு அட்டையை வைத்து, சாக்பீஸால் வளைவு போட்டு, கம்பெனியில் வெட்டுவதுபோல ஒரே வீச்சில் வெட்டினார். வளைவு அச்சுப்போல விழுந்தது. தோளைப் பிடித்துத் தூக்கினார். பனியன் துணி வெட்டின இடத்தில் நிற்கும். கம்பளி நிற்கவில்லை. கழுத்தில் அறுந்த பின்னல் கண்ணிகள் ஒன்றிலிருந்து ஒன்று உருவிக்கொண்டு நெஞ்சு வரை கீழே ஓடின. பிடிக்கப் பிடிக்க இன்னும் ஓடின.

"ஏனுங்க, ஸ்வெட்டர் பின்னுனீங்களா, மீன் வலை பின்னுனீங்களா?" என்றாள் முத்தாத்தாள்.

அதற்கு அவரே சிரித்துவிட்டார். ஆனால் லோகப்பிரியா மெதுவாக, "உடுங்கப்பா, சிம்லாவுலயே நல்லதா வாங்கிக்கறேன்" என்றாள். சிரிப்பு அத்தோடு நின்றது. ரயிலுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

மறுநாள் கிழிந்ததைக் கம்பெனிக்கே எடுத்துப்போய், ஓவர்லாக் தைக்கும் ரிஃபத்திடம் காட்டினார். ரிஃபத்துக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு.

"கைப்பின்னல்ல கத்தரி வெச்சீங்களா மாஸ்டர்? இத்தன வருசமா நீங்க வெட்டிப்போட்டதெல்லாம் பிரியாம ஓரம் தச்சுக் காப்பாத்துனது யாருன்னு இப்பத் தெரியுதுங்களா?"

சுற்றியிருந்த மிஷின்கள் எல்லாம் நின்று சிரித்தன. செங்கோட்டையன் கிழிந்ததை மடித்துப் பையில் வைத்தார். பிறகு, "தெரியுதப்பா" என்றார். இருபத்தாறு வருடத்தில் கட்டிங் மாஸ்டர் ஒருவர் ஓவர்லாக்காரரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று ரிஃபத் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்று பஸ்ஸில் வரும்போது தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். "பத்து பீஸ் ஆர்டர்னாலும் சாம்பிள் பாக்காம கத்தரி எடுக்கமாட்டேன். எம்புள்ளைக்கு ஒரு சாம்பிள் போட்டுப் பாக்கலையே!"

அதன்பிறகு சாம்பிள் போட்டார். உள்ளங்கை அகலத்தில் ஐந்து குட்டிக் கழுத்துகள். நிறுத்திவைத்த இடத்திலிருந்து வீடியோவை மறுபடி ஓடவிட்டார். வெட்டுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. நடுவிலிருக்கும் கண்ணிகளை ஊசியிலேயே முடித்துவிட்டு, இரண்டு தோளையும் தனித்தனியாக வளர்க்க வேண்டும். கழுத்து என்பது பின்னாமல் விட்ட இடம், அவ்வளவுதான். முதல் சாம்பிள் கணக்கில் பின்னினால் தலை நுழையாது. இரண்டாவது ஒருபக்கம் சாய்ந்தது. ஐந்தாவதைச் சுண்டிப் பார்த்தார், நின்றது. கெட்ட துணியின் கீழ்ப்பகுதியைப் பிரித்து, சுருண்டு கிடந்த நூலைக் கம்பெனி நீராவி இஸ்திரிப் பெட்டியில் காட்டி நிமிர்த்தினார். அந்த வித்தை எந்த வீடியோவிலும் இல்லை. பற்றாத நூலை வாங்கிச் சேர்த்து, ஸ்வெட்டரை மறுபடி பின்னி முடித்தார்.

கெட்டுப்போன முதல் துணியை அவர் முழுதாகப் பிரிக்கவில்லை. கழுத்து கிழிந்த நெஞ்சுப் பகுதியை மடித்து, கம்பெனியில் கழித்த துணிக்குக் கட்டும் சிவப்பு அட்டையைக் கட்டி, 'கழுத்து வெட்டியது – செங்கோட்டையன்' என்று எழுதி பையில் வைத்துக்கொண்டார். ஸ்வெட்டரைப் பார்க்கக் கேட்பவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவார். "இதப் பாத்துப்போட்டு அதப் பாருங்க. அப்பத்தான் அது எத்தன ஒசத்தின்னு தெரியும்."

கிளம்பும் நாள், போத்தனூர் ஸ்டேஷனில் மார்கழி என்றாலும் மத்தியான வெயில். லோகப்பிரியா பெட்டியைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்து அங்கேயே மாட்டிக்கொண்டாள். கை நீளம் அரை இஞ்சு அதிகம். துவைத்தால் சுருங்கும் என்று பனியன் கணக்கில் கூட்டிவிட்டிருந்தார். அவள் ஒரு மடிப்பு மடித்துக்கொண்டாள்.

"வேகுது, கழட்டு அம்மணி" என்றாள் முத்தாத்தாள்.

"இருக்கட்டும்மா." பக்கத்து பெஞ்சிலிருந்த பெண்மணி பார்த்ததும், அவள் கேட்காமலேயே லோகப்பிரியா சொன்னாள்: "எங்கப்பா பின்னுனதுங்க. கடையில வாங்குனதில்லைங்க."

செங்கோட்டையன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரயில் வந்தது. அவள் படியில் கால் வைத்தபோது, கழுத்தோரத்தில் அரை விரல் நீளத்துக்கு ஒரு நூல் முனை தொங்குவது அவர் கண்ணில் பட்டது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்க் கத்தரியை எடுத்தது. கழுத்தருகே போய் நின்றது. பிறகு அதை முத்தாத்தாள் கையில் கொடுத்துவிட்டு, தன் சட்டைக் காலரில் குத்தியிருந்த தையல் ஊசியை உருவி, அந்த நூல் முனையைக் கண்ணி கண்ணியாக உள்ளே கோத்து மறைத்தார்.