ஏரிக்கரைக் கோட்டை வாசலில்

"சீமைக்குப் போற பொண்ணு திரும்பி இந்த லயத்துக்கா வரப் போவுது? நீங்க ஒண்ணு, அக்கா!"

அம்மாவிடம் இப்படிச் சொன்னவர் லயத்து வரிசையில் பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் மலாயா ரப்பர்த் தோட்டத்தில் அம்மாவோடு அடுத்தடுத்த மர நிரையில் பால் வெட்டுகிறவர். அம்மா கோபப்படவில்லை. "வராட்டிப் போவட்டும்லா. அது ஒண்ணாச்சும் கம்பிக்கு வெளியில இருக்கட்டும்" என்றார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆசிரியர் பயிற்சிக்கு இங்கிலாந்துக்குத் தேர்வானபோது தோட்டத்து ஆபீஸ் கணக்கு பார்க்கும் பெரிய கிராணியே எழுந்து நின்று கை கொடுத்தார். அந்தப் பூரிப்பில் அம்மா சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பயிற்சி முடியும் சமயத்தில் எங்களை வேல்ஸ் மலைப்பக்கம் ஒரு பழைய கோட்டையைப் பார்க்க அழைத்துப் போனார்கள். ஊர் திரும்பியதும் எந்த ஊரில் வேலை வேண்டும் என்று விரிவுரையாளர் முன்பே கேட்டிருந்தார். நான் கோலாலம்பூர் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருந்தேன். மனம் மாறுகிறவர்கள் அன்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் நினைவூட்டினார். எனக்கு மாறுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஏரி கறுத்துக் கிடந்தது. கரையில் ஒரு பாறைமேட்டில் கோட்டை, பாதி இடிந்த வட்டக் கோபுரத்தோடு நின்றது. மரக்கதவுக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட வயதானவர் ஒருவர் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. நான் பையைத் திறந்து ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினேன். தண்ணீர்ப் போத்தலின் மூடியைக் கழற்றினேன். பிறகு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு நின்றேன்.

அவர் திகைத்துப்போய், அதெல்லாம் வேண்டாம் அம்மா, உள்ளே போ என்று கதவைக் காட்டினார்.

என் அறைத்தோழி பினாங்கு டவுன்காரி. விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னடி, அரிசி கடத்திட்டா வந்த? ஆளப் பாரு, மாட்டாகிட்ட மாட்டுன மாதிரி நிக்கிறா!" மாட்டா என்றால் எங்கள் பக்கம் போலீஸ்காரர்.

"சும்மாடி. உன்னைச் சிரிக்க வைக்கத்தான்" என்றேன்.

சிரிக்க வைக்க இல்லை. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக் கூடாது என்று எங்கள் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருக்கிறார்கள். விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் பால் வெட்டப் போகும் ஒவ்வொருவரும் வாசலில் இப்படித்தான் நிற்க வேண்டும். வாளிக்குள் பார்ப்பார்கள். பெண்களின் தலைத்துணியை உதறிக் கொண்டையையும் அவிழ்த்துப் பார்ப்பார்கள். ஒரு பிடி சோறுகூட வெளியே போகக் கூடாது. அம்மா வெறும் தண்ணீரோடு போய், நடுப்பகலில் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்துதான் வாயில் சோறு வைப்பார். பள்ளி விடுமுறையில் கூடப் போகும்போது நானும் நின்றிருக்கிறேன். அந்தப் பழக்கம் கடல் தாண்டியும் என் கைகளை விடவில்லை.

உள்ளே வழிகாட்டி கதை சொன்னார். முற்றுகையின்போது எதிரிகள் ஏரிக்கரையை வளைத்துக்கொண்டு, உள்ளே ஒரு மணி தானியம்கூடப் போகவிடாமல் மாதக்கணக்கில் காத்திருந்தார்களாம்.

"பாவம்டி, உள்ள இருந்தவங்க" என்றாள் தோழி. அவள் கண் கலங்கிவிட்டது. எப்போதோ செத்துப்போனவர்களுக்காக.

எங்கள் தோட்டத்தில் இப்போதும் அப்படித்தான், அங்கே சோறு வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அம்மாவின் அவிழ்ந்த கொண்டையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

மதிலோரம் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டோம். ரொட்டிக்குள் முட்டையும் வெண்ணெயும் இருந்தன. நல்ல பசி, முழுவதையும் தின்றேன். தின்று முடித்த பிறகுதான், வெட்டவெளியில் உட்கார்ந்து யாரும் தடுக்காமல் சாப்பிட்டிருக்கிறேன் என்று உறைத்தது. கம்பிக்கு வெளியில் இருக்கட்டும் என்று அம்மா சொன்னதும் இதைத்தான். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, அம்மாவைக் கம்பிக்குள் விட்டுவிட்டுக் கோலாலம்பூர் வரை போகப் பார்த்தேன்.

பஸ் ஏறும்போது விரிவுரையாளரிடம் போய், எனக்குக் கோலா பிலா என்ற சின்ன ஊரில் இடம் வேண்டும் என்றேன். கோலாலம்பூருக்கு எத்தனை பேர் ஏங்குகிறார்கள் தெரியுமா என்று அவர் கேட்டார். தெரியும் என்றேன்.

"உனக்குப் பைத்தியமா? கோலா பிலாவுல என்னடி இருக்கு?" என்று பின்னாலிருந்து தோழி.

"எங்க தோட்டத்து வாசலுக்குப் பஸ் இருக்கு."

நான் போவதால் வாசலில் சோதனை நின்றுவிடாது. கூப்பிட்டால் அம்மா என்னோடு வந்து தங்குவாரா என்பதும் தெரியவில்லை. விரிவுரையாளர் என் பெயருக்கு எதிரே இருந்த கோலாலம்பூரை அடித்துவிட்டுக் கோலா பிலா என்று எழுதினார். எழுதி முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு என் இடத்துக்குப் போனேன்.