சின்யோரா படத்தை நிறுத்தும் இடம்

எண்பத்தாறு வயதான ஒரு பெண்மீது எனக்குப் பொறாமை வந்தது. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வேறு எப்படித் தொடங்கினாலும் பொய்யாகிவிடும்.

மகள் படிப்புக்காக வடக்கே போலோஞ்ஞாவுக்குப் போன பிறகு, என் மனைவி வீட்டோடு தங்கும் வேலைக்குப் போனாள். இத்தாலியின் தெற்கே, நாங்கள் இருக்கும் பலேர்மோவின் மறுபுறத்தில், அகலமான தெருவில், நான்காம் மாடியில் ஒரு முதிய இத்தாலிய அம்மா; சின்யோரா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு காலத்தில் ஆங்கில ஆசிரியை. கணவர் இல்லை. ஒரே மகன் மிலானோவில் பொறியியலாளர். அந்த வீட்டில் என் மனைவிக்கு ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரு எலுமிச்சைச் சாடி. பழைய நகரத்து அல்பெர்கேரியாவில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரரின் உள்ளாடைகள்தான் தெரியும்.

இந்த ஊரில் வீட்டோடு தங்கி முதியவர்களைப் பார்ப்பவர்களுக்கு வாரத்தில் வியாழன் பின்னேரமும் ஞாயிறு முழுவதும் விடுமுறை. எங்கள் இலங்கை ஆட்களின் கல்யாணப் பேச்சு, செத்தவீட்டு விசாரிப்பு, கணவன் மனைவி சண்டை எல்லாம் இந்த ஒன்றரை நாளுக்குள் அடங்க வேண்டும். ஞாயிறு எப்போதுமே பொதுச் சொத்து. கோயில் இருக்கும், யாராவது ஒருவரின் பிள்ளைக்குப் பிறந்தநாள் இருக்கும், சொந்தக்காரர் படியேறி வருவார்கள். வியாழன்தான் எங்களுடையது. இரண்டரை மணி முதல் எட்டு மணி வரை, ஐந்தரை மணித்தியாலக் கல்யாண வாழ்க்கை.

நான் அடுக்குமாடி வீடுகளின் படிக்கட்டுகளைக் கழுவுகிறவன். வியாழக்கிழமைகளில் பன்னிரண்டு மணிக்கே வாளியைக் கவிழ்த்துவிட்டு, பல்லரோ சந்தையில் கடைகளை ஒதுக்குவதற்கு முன் ஓடுவேன். மீன் வாங்குவேன். எங்கள் ஆட்களின் கடையில் முருங்கைக்காய் வந்திருந்தால் அதையும் வாங்குவேன். அவள் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வரும்போது சட்டி கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். செருப்பைக் கழற்ற முன்னரே அவள் குறை சொல்லத் தொடங்குவாள். கிழவிக்குக் காது கேட்பதில்லை. உப்பில்லாமல் சமைக்கச் சொல்கிறா. காற்றுப் பிடிக்கும் என்று வெயில் காலத்திலும் ஜன்னலைப் பூட்டுகிறா. அந்தக் குறைகளை நான் பாட்டுப்போலக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவை இருக்கும்வரை அவள் அங்கே வேலைக்குப் போகிறாள், இங்கே வீட்டுக்கு வருகிறாள்.

ஒரு வியாழன் அவள் குறை எதுவும் சொல்லவில்லை. அடுத்த வியாழனும் சொல்லவில்லை. பொறாமை அந்த மௌனத்தில்தான் முளைவிட்டது.

மூன்றாவது வியாழன், சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள்: "இஞ்சருங்கோ, நேற்று ஒரு படம் பாத்தம். லண்டன் படம்."

"ஆர் பாத்தது?"

"நாங்கள்தான். நானும் சின்யோராவும்."

நாங்கள் என்றால் அதுவரை நானும் அவளும். அல்லது நானும் அவளும் மகளும். நான் மீன்முள்ளை எடுப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

எங்கள் பழக்கம், ஒருவர் படம் பார்த்தால் மற்றவருக்கு முதல் காட்சியிலிருந்து கதையைச் சொல்லியாக வேண்டும். யார் எங்கே நின்றார், என்ன உடுத்தியிருந்தார், எல்லாம். அவள் அதில் கெட்டிக்காரி. நான் நல்ல படங்களில் பாதியை அவள் வாயால்தான் பார்த்திருக்கிறேன்.

"ஒரு பொம்பிளை. எங்கட வயசுதான். பதினோராம் மாடியில தனிய இருக்கிறா. கந்தோருக்கு வேலைக்குப் போறா, வாறா. ஒரு சனமும் அவவோட கதைக்கிறேல்லை. ஒவ்வொரு கிழமையும் பிரஷர் பாக்க டொக்டரிட்டப் போறா. வருத்தம் ஒண்டுமில்லை. ஏன் போறா தெரியுமோ?"

"ஏன்?"

"பட்டி சுத்தேக்க நேர்ஸ் கையைப் பிடிக்கிறா எல்லோ. அதுக்கு." தன் இடக்கையை வலக்கையால் பிடித்துக் காட்டினாள். "அந்த இடத்தில ரெண்டு பேரும் அழுதிட்டம். சின்யோரா என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, ஜோயா, ஜோயா எண்டு..."

ஜோயா என்றால் மகிழ்ச்சி. இந்த ஊரில் பிரியமானவர்களை அப்படிக் கூப்பிடுவார்கள். எத்தனையோ வருடம் எழுத்தோடு மல்லுக்கட்டியவன் நான். என் மனைவியைக் கூப்பிட என்னிடம் இருப்பது "இஞ்சரும்" என்ற ஒரு சொல்தான்.

நாங்கள் இருவரும் அழாதவர்கள் அல்ல. ஆனால் எங்கள் அழுகைகள் தனித்தனி. நான் படிக்கட்டில் அழுதிருக்கிறேன், வாளிக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு. அவள் குளியலறையில் அழுதிருக்கிறாள். கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். ஒரே சோபாவில், ஒரே நேரத்தில், கையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் ஒருநாளும் அழுததில்லை. அந்த வாய்ப்பை ஒரு கிழவி, ஒரு இங்கிலாந்துப் படத்தை வைத்துக்கொண்டு, ஒரு புதன்கிழமைப் பின்னேரத்தில் எடுத்துக்கொண்டுவிட்டா.

"பிறகு?" என்றேன்.

"பிறகு அவவின்ர பிறந்தநாள் வருது. கேக் வாங்கிக்கொண்டு வந்து, மேசையில ரெண்டு கோப்பை வைக்கிறா. பாக்கேக்க வயிறு எரியும். அப்ப கதவு மணி அடிக்குது. லிப்டில ஒருக்கால் குட் மோர்னிங் சொன்ன மனிசன் ஒராள் இருக்கிறார் எல்லோ, அவர்தான். அவ்வளவுதான் படம்."

"நல்ல முடிவுதான்," என்றேன். வயிற்றெரிச்சல் எனக்கும் இருந்தது.

என்னோடு படிக்கட்டுக் கழுவுகிறவர் மன்னார்க்காரர், என்னிலும் பத்து வயது மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். மறுநாள் மேல்மாடியிலிருந்து தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும்போது அவரிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு சிரித்த சிரிப்பு ஐந்து மாடிக்கும் கேட்டது.

"தம்பி, இன்னொரு ஆம்பிளை எண்டால் போய் ரெண்டு கேள்வி கேக்கலாம். இதுக்கு என்ன செய்யப் போறாய்? கிழவியின்ர கைத்தடியைப் பறிக்கப் போறியோ?"

"பகிடி விடாதேங்கோ அண்ணை."

"பகிடி இல்லையடா. என்ர மனிசி பத்து வருசம் ஒரு கிழவன்ர வீட்டில நிண்டவள். அந்தக் கிழவன் செத்த அண்டைக்கு அவள் அழுததைப் பாத்து நான் பயந்துபோனன். என்ர செத்தவீட்டில இவ்வளவு அழுவாளோ எண்டு யோசிச்சுக்கொண்டே சவத்துக்குப் பின்னால நடந்தனான்." பிறகு தண்ணீரை ஒரே தள்ளாகத் தள்ளினார். "காலை எடு. நனையப் போகுது."

அடுத்த வியாழன் அவள் சோற்றுக்கு முன் விஷயத்தைச் சொன்னாள். வியாழன் பின்னேரங்களில் சின்யோராவோடு இருக்க வரும் பெண் வேலையை விட்டுவிட்டாளாம். மிலானோ மகன் தொலைபேசியில் கேட்டிருக்கிறார்: வியாழனும் என் மனைவியே நிற்க முடியுமா? ஒரு கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

"நீர் என்ன சொன்னீர்?"

"உங்களிட்டக் கேட்டுச் சொல்லுறன் எண்டனான்."

"கேட்டிட்டீர். ஏலாது எண்டு சொல்லும்."

"சரி," என்றாள். ஆனால் அந்தச் சரி வெறும் ஓசை. அவள் கண் சுவர் மணிக்கூட்டில் இருந்தது. "இப்ப அவ தனிய இருப்பா. பக்கத்து வீட்டுச் சனம் ஒருக்கால் எட்டிப் பாக்கும்" என்று, யாரும் கேட்காமலே சொன்னாள்.

இப்போது நினைத்தால், நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். அன்று அவளோடு நடக்கப் போயிருக்க வேண்டும். துறைமுகம் வரைக்கும் போய், நாப்போலி கப்பல் புறப்படுவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, அந்தப் படத்தின் டிவிடி உறையைப் போனில் எடுத்து வைத்திருக்கிறாளா என்று கேட்டேன். வைத்திருந்தாள். எனக்கு அனுப்பச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், வெயிலுக்கு ஜன்னலின் பலகைக் கதவுகளைச் சாத்திவிட்டு, இணையத்தில் படம் பார்க்கும் மகளின் கணக்கில் தேடிப் பிடித்து அந்தப் படத்தைப் பார்த்தேன். லண்டன்காரர் எல்லோரும் இத்தாலியன் பேசினார்கள். இந்த நாட்டில் எல்லாப் படத்துக்கும் குரல் மாற்றித்தான் போடுவார்கள். அந்த வெள்ளைக்காரப் பெண் மழையில் பஸ்சுக்கு நிற்கிறா. ஜன்னலோரம் இருக்கிறா. பதினோராம் மாடியில் தேத்தண்ணி ஊற்றுகிறா. படம் முழுக்க ஒரே சாம்பல் நிறம். வானமும் கட்டடமும் முகமும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தெடுக்க முடியாத சாம்பல். நல்ல படம் என்று தெரிந்தது. ஆனால் நான் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. இந்த இடத்தில் இவள் என்ன சொல்லியிருப்பாள், இந்த இடத்தில் கிழவி எப்படிச் சாய்ந்திருப்பா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். நேர்ஸ் பட்டியைச் சுற்றினா. எனக்குக் கண்ணீர் வரவில்லை. வேண்டுமென்றே வரவிடவில்லை.

கேக் வந்தது. இரண்டு கோப்பை வந்தது. மணி அடித்தது. அந்தப் பெண் கதவைத் திறக்கப் போனா. படம் முடியவில்லை. இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

கதவில் நின்றது பொதி கொண்டுவந்த பையன். பக்கத்து வீட்டுக்காரர் இல்லை, இதை வாங்கி வைக்க முடியுமா என்று கேட்கிறான். அவ கையெழுத்துப் போடுகிறா. அந்தப் பொதியை மேசையில், இரண்டாவது கோப்பைக்கு எதிரில் வைக்கிறா. பக்கத்து வீட்டுக்காரர் கட்டாயம் வந்து கேட்பார் என்று தலை சீவிக்கொண்டு இருக்கிறா. நாட்கள் போகின்றன. யாரும் கேட்டு வரவில்லை. பிறகு அந்தப் பெண்ணையும் காணவில்லை. கதவடியில் விளம்பரக் கடதாசிகள் சேர்கின்றன. லிப்டில் குட் மோர்னிங் சொன்ன மனிதர் அதைத் தாண்டிப் போகிறார். அவ்வளவுதான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து நின்றேன். சந்தோஷப்பட்டேன். கிழவி பொய் சொல்லியிருக்கிறா. என் மனைவிக்கு அரைப் படத்தைக் காட்டி அழ வைத்திருக்கிறா. அந்தச் சந்தோஷத்தோடு வியாழன்வரை இருந்தேன், பரிசை ஒளித்து வைத்த பிள்ளைபோல.

வியாழன் அவள் வந்தாள். நான் மீன் வாங்கவில்லை, முட்டைதான் பொரித்திருந்தேன். அவள் கை கழுவி முடிக்குமட்டும்கூடப் பொறுக்கவில்லை.

"உம்மட லண்டன் படத்தைப் பாத்தனான்."

"பாத்தியளோ!" முகம் விரிந்தது. "எப்பிடி?"

"நீர் முடிவு பாக்கேல்லை. உமக்கு முடிவைக் காட்டேல்லை."

சொன்னேன். பொதியைச் சொன்னேன், கடதாசிகளைச் சொன்னேன், தாண்டிப் போன மனிதரைச் சொன்னேன். அவளிடம் கற்ற முறையிலேயே, யார் எங்கே நின்றார், என்ன உடுத்தியிருந்தார் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரலில் ஒரு ருசி ஏறியதை நானே கேட்டேன். நிறுத்தவில்லை.

அவள் முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சின்யோரா ரிமோட்டை மடியில வைச்சுக்கொண்டுதான் இருப்பா," என்றாள். "நாலு தரம் பாத்திட்டம். நாலு தரமும் மணி அடிச்ச உடன நிப்பாட்டிப்போட்டு, அவர் வந்திட்டார், நாங்கள் தேத்தண்ணி குடிப்பம் எண்டுவா. நான் படம் அவ்வளவுதான் எண்டு நினைச்சன்."

"ஏமாத்தியிருக்கிறா."

"இல்லையப்பா." முதல் முறையாக என்னை நேரே பார்த்தாள். "அவவுக்கு முடிவு தெரியும். தெரிஞ்சுதான் என்னைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு பாக்கிறா."

போனை எடுத்தாள். மிலானோவுக்கு. அவளுடைய இத்தாலியன் என்னுடையதைவிட நல்லது. கிழவியிடம் படித்தது. "ஓம் பொறியியலாளரே, வியாழனும் நிற்கிறேன், அடுத்த கிழமை முதல்" என்று அந்த மொழியில் மரியாதையாகச் சொன்னாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என் ஐந்தரை மணித்தியாலத்தை நானே பேசிப் பேசி அவள் கையில் கொடுத்திருந்தேன்.

"அப்ப நான்?" என்றேன். ஐம்பத்திரண்டு வயது மனிதனின் குரல் அல்ல அது.

"ஞாயிறு ஆரும் கேட்டாலும் குடுக்க மாட்டன்."

"நானும் தனியத்தான் இருக்கிறன்."

"நீங்கள் தனிய இருந்தால் எழுதுவியள்," என்றாள், கோபமில்லாமல், கோப்பையை எடுத்துக் கழுவிக்கொண்டே. "அவ தனிய இருந்தால் கதவைப் பாத்துக்கொண்டு இருப்பா."

அன்று ஏழு மணிக்கே வெளிக்கிட்டாள். ஒரு மணித்தியாலம் முன்னதாக. நான் கீழே இறங்கி வழியனுப்பப் போகவில்லை.

அதன் பிறகு இரண்டு மாதம் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத வராததால் அல்ல, எழுதினால் அவள் சொன்னது சரியாகிவிடும் என்ற பிடிவாதம். வியாழன் பின்னேரங்களில் சம்பளம் கேட்காமல் அண்ணையோடு இன்னொரு கட்டடத்தின் படிகளைத் தேய்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கேட்பாள்: "ஏதும் எழுதினியளோ?" இல்லை என்பேன். அவள் முகம் வாடும். அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

இன்று வியாழன். இதை எழுதி முடிக்க மூன்று பின்னேரம் எடுத்தது. வருகிற ஞாயிறு அவள் கேட்டால், படி கழுவினேன் என்றுதான் சொல்லப் போகிறேன்.