இரண்டாம் தரம் கேட்கும்வரை

இந்த நாட்டில் "வேண்டாம்" என்று சொன்னால் தட்டு போய்விடும். ஸ்டுட்கார்ட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நான் படித்த முதல் ஜெர்மன் பாடம் அதுதான். ஃபிராவ் கெல்லர் ஆப்பிள் கேக்கை நீட்டினார். நான் "நைன், டாங்கே" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். தட்டு மேசையைச் சுற்றி வந்து, வெறுந்தட்டாகக் குசினிக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து ஒன்றும் காணாத வயிறு. நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் ஊரில் முதல் கேள்விக்கே தேத்தண்ணியை வாங்கிக் குடித்தவனைப் பற்றி, அவன் படலையைத் தாண்டுமுன் கதை தொடங்கிவிடும். நாங்கள் வேண்டாம் என்போம். "சும்மா கதையை விட்டிட்டுக் குடியுங்கோ" என்று வீட்டுக்காரர் ஏசுவார். அதற்குப் பிறகுதான் கோப்பை கைக்கு வரும். இதை இருபத்தாறு வருடம் பழகிவிட்டுத்தான் நான் விமானம் ஏறினேன்.

ஃபிராவ் கெல்லர் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் அகதி விடுதிக்குக் கிழமையில் இரண்டு நாள் வந்து ஜெர்மன் சொல்லித்தருவார். 1986இல் எனக்கு அகதி விசாரணைக்கு டேர்மின் வந்தது: நாள், நேரம், அறை இலக்கம் போட்ட ஒரு கடிதம். நான் இங்கே இருப்பதா, திரும்பிப் போவதா என்பது அந்த அறையில்தான் தீரும். அவர் கடிதத்தைப் படித்துவிட்டு, "நான் கூட வரட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம், உங்களுக்கேன் கரைச்சல்" என்றேன். "சரி" என்று கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுக்குள் வைத்தார்.

அறைக்கு வந்து சபா அண்ணையிடம் சொன்னேன். எனக்கு மேல்கட்டிலில் படுப்பவர். என்னைவிட ஒரு வருடம் முந்தி வந்த பெருமை உள்ளவர்.

"நீ என்ன சொன்னனீ?"

"வேண்டாமெண்டு."

"உனக்கு வேணுமோ வேண்டாமோ?"

"வேணும் அண்ணை. தனியப் போகப் பயமாக் கிடக்கு."

"அப்ப போய்ச் சொல்லன்."

"நானாய்ப் போய் எப்பிடிக் கேக்கிறது? இன்னொருக்காக் கேப்பா தானே."

"ஓம், கேப்பா. நீ கொழும்புக்குப் பிளேன் ஏறேக்க கையைக் காட்டிக் காட்டிக் கேப்பா."

அடுத்த கிழமை ஃபிராவ் கெல்லர் என்னைத் தன் வாசகர் வட்டத்துக்கு வரச் சொன்னார். "வியாழன், ஆறு மணி" என்று தாளில் எழுதித் தந்தார். கேள்வி இல்லாததால் மறுக்க வழி இருக்கவில்லை. ஐந்து பெண்கள் ஒரு புது நாவலைப் படித்திருந்தார்கள். ஐரோப்பிய நகரம் ஒன்றுக்குப் படிக்க வந்த ஓர் இந்தியனின் கதை. நான் இந்தியன் இல்லை, இலங்கை என்றேன். "கிட்டத்தானே" என்றார் ஒருவர். வரைபடத்தின்படி அது பிழையில்லை.

நாவலின் நடுவில் வீட்டுக்காரி அவனுக்குச் சூப் கொண்டுவருகிறாள். அவன் வேண்டாம் என்கிறான். அவள் எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். அவன் யன்னலடியில் நின்று பனியைப் பார்க்கிறான். இந்த அரைப் பக்கத்தைப் பற்றி அவர்கள் முக்கால் மணி நேரம் பேசினார்கள். சூப்பை மறுப்பது ஐரோப்பாவை மறுப்பது என்றார் ஒருவர். சூப்பில் மாட்டிறைச்சி இருந்திருக்கும் என்றார் இன்னொருவர். தன் பண்பாட்டைக் காப்பாற்றப் பட்டினி கிடக்கிறான் என்று மூன்றாமவர் சொன்னபோது எனக்கே அவன்மேல் மரியாதை வந்தது. பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவனுக்குப் பசி," என்றேன். "அவள் இன்னொரு தரம் கேட்பாள் என்று நிற்கிறான்."

"அப்படியானால் ஏன் பனியைப் பார்க்கிறான்?"

"சூப்பைப் பார்த்துக்கொண்டு நின்றால் வெட்கம்."

அவன் மனத்துக்குள் இரண்டு நாடுகள் சண்டை போடுவதாக எழுத்தாளர் முன்னூறு பக்கம் எழுதியிருந்தார். இருக்கலாம், படித்தவர்கள் எழுதுவது. எனக்குத் தெரிந்தது, அவனிடம் ஒருவரும் திரும்பக் கேட்கவில்லை என்பதுதான்.

ஃபிராவ் கெல்லர் புத்தக ஓரத்தில் பென்சிலால் எதையோ குறித்தார். என் விசாரணை வரும் செவ்வாய்க்கிழமை. வாசலில் என்னை வழியனுப்பும்போது, "செவ்வாய்க்கிழமை நான் வரட்டுமா?" என்றார். வாய் என்னைக் கேட்காமலே "வேண்டாம்" என்றது. அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்து, வகுப்பில் வாய்ப்பாடு கேட்கும் குரலில், "செவ்வாய்க்கிழமை நான் வரட்டுமா?" என்றார்.

"ஓம்" என்றேன். தமிழில்தான் வந்தது. விளங்கிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அதிகாரி கேட்டார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார், நான் பதில் சொன்னேன். எந்தத் தெரு, எந்த பஸ், எத்தனை மணி. நாவலில் வந்த இந்தியனிடம் இதையெல்லாம் ஒருவரும் கேட்கவில்லை. முதல் பக்கத்திலேயே நம்பிவிட்டார்கள். கடைசியில், "வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்றார் அதிகாரி.

"இல்லை" என்றேன். அந்த பஸ்ஸிலிருந்து என் தமையனை இறக்கிக் கொண்டுபோனதை நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அதிகாரி பேனையை மூடினார்.

"இன்னொரு தரம் கேளுங்கள்," என்றார் ஃபிராவ் கெல்லர்.

"அந்தக் கேள்வி படிவத்தில் ஒரு தரம்தான் இருக்கிறது."

"தெரியும். கேளுங்கள்."

அவர் பேனையைத் திறந்து, திரும்பவும் கேட்டார். நான் சொன்னேன். எழுதி முடிக்க அவருக்கு மேலும் மூன்று தாள் தேவைப்பட்டது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு, நான் இங்கேயே இருக்கலாம் என்று கடிதம் வந்தது.

போன ஞாயிறு சபா அண்ணை வீட்டுக்குப் போனேன். இப்போது அவருக்கு வீடும் உண்டு, ஊரிலிருந்து வந்து சேர்ந்த மனைவியும் உண்டு. அக்கா வடைத் தட்டை நீட்டினா.

"வேண்டாம் அக்கா, இப்பதான் சாப்பிட்டனான்."

"அப்ப உந்தக் கையில என்னடாப்பா?" என்றார் சபா அண்ணை.

குனிந்து பார்த்தேன். வாய் சொல்லி முடிக்குமுன்பே கை ஒரு வடையை எடுத்திருந்தது.