பழவேற்காட்டில் பெண் பார்த்தது

கோதண்டத்தை நல்ல மனிதர் என்று சொல்லலாம். ஆனால் அவரோடு ஒரு முழு நாளைக் கழித்தவர்கள் அப்படிச் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிப்பார்கள். குடிக்க மாட்டார், பீடி பிடிக்க மாட்டார், பொய் சொல்ல மாட்டார். அவரிடம் இருந்த கோளாறு ஒன்றுதான். எதிரில் இருப்பவர் தப்பாக எதையாவது சொல்லிவிட்டால் அதைத் திருத்தாமல் அவரால் நகர முடியாது. உண்மை என்பது தன் காவலில் விடப்பட்ட ஒரு கிடங்கு என்று அவர் நினைத்திருந்தார்.

துறைமுகத்தில் வேலை. கரையை ஒட்டி வரும் கப்பலிலிருந்து வீசப்படும் கயிற்றை வாங்கி, இரும்புக் குத்துக்காலில் மாட்ட வேண்டும். வியாசர்பாடியில் இளைஞராக இருந்த காலத்திலேயே பௌத்தம் ஏற்றவர். எர்ணாவூர் வாரியக் குடியிருப்புக்குக் குடிவந்த பிறகும், ஞாயிற்றுக்கிழமையானால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வியாசர்பாடிக்கே போய் பஞ்சசீலம் சொல்லிவிட்டு வருவார். மனைவி சொக்கம்மாள் கூடப் போவாள். வரும் வழியில் அவருக்குத் தெரியாமல் மாரியம்மனுக்கு ஒரு கும்பிடும் போட்டுவிடுவாள். தெரிந்தால் திருத்துவார்.

மகள் கார்குழலிக்கு வந்த முதல் வரன் வீட்டார் ஜாதகம் கேட்டார்கள். "பொறந்த ஆஸ்பத்திரி தெரியும், டாக்டரம்மா பேரு தெரியும். அந்தக் கிரகத்துக்கு எங்க பொண்ண தெரியாது" என்றார் கோதண்டம். வந்தவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டாவது வரன் வீட்டார் திருவொற்றியூர் கோயிலில் வைத்துப் பெண் பார்த்தார்கள். கோதண்டம் உள்ளே போகவில்லை. வாசலில் நின்றபடி, மாப்பிள்ளையின் தாய்மாமனிடம் மது அருந்தாமை என்ற சீலத்தை விளக்கினார். தாய்மாமன் அப்போது மூக்குமுட்டக் குடித்திருந்தார். அதுவும் போனது.

இது மூன்றாவது. மாதவரத்துப் பையன் செங்குட்டுவன், கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். அப்பா லாரியோடு எப்போதும் ஆந்திரா பக்கம் இருந்ததால் வீட்டின் முடிவுகள் எல்லாம் அம்மா கஸ்தூரியுடையவை. அவளும் கோயிலில்தான் பார்ப்போம் என்றாள். பையன் கெஞ்சியதால் 'பொது எடமா இருந்தா சரி' என்று இறங்கி வந்தாள்.

"பழவேற்காடு" என்றார் கோதண்டம் உடனே. "டச்சுக்காரன் கட்டுன கோட்டை கீது. நானூறு வருசத்துக் கோட்டை. எங்க பெர்த்துக்குக் கப்பல்ல வந்த ஒரு டச்சுக்காரனே சொன்னான்."

"நீ பாத்துகீறியா?" என்றாள் சொக்கம்மாள். "பாக்கணுமா? கோட்டை ஓடியா போவும்?" என்றார் கோதண்டம்.

"இத பாருய்யா. இந்த சம்மந்தமும் போச்சுன்னா அடுத்த தபா திருவொத்தியூரு வடிவுடையம்மன் கோயிலுதான். நீ வெளில குந்திகினு எங்க செருப்ப பாத்துக்க. வாயத் தொறக்கக் கூடாது."

கோதண்டத்துக்குச் செருப்புக் காவலைவிட வாய் திறக்கக் கூடாது என்பதுதான் உறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை டிரைவர் உசேனின் ஆம்னி வேனில் மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் போனார்கள். மாதவரத்துக்காரர்கள் பொன்னேரி வரை பஸ்ஸில் வந்து ஏறிக்கொண்டார்கள். கஸ்தூரி மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் இருந்தாள். செங்குட்டுவன் முன்சீட்டில் உட்கார்ந்து, டிரைவரின் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்ப்பதற்காகப் பலவிதமாகக் கழுத்தை வளைத்தான். உசேன் கண்ணாடியைத் தானே கொஞ்சம் திருப்பிவிட்டார்.

ஏரிக்கரையில் இறங்கி, வலை காயவைத்துக்கொண்டிருந்தவரிடம் கோதண்டம் கோட்டைக்கு வழி கேட்டார். அவர் தாடையால் காட்டினார். அங்கே வேலிக்காத்தான் புதர்தான் இருந்தது.

"அதுக்குப் பின்னாலயா?"

"பின்னால இன்னா கீது, ஏரிதான். இதான் கோட்டை. உள்ள செங்கல்லு கீது, பாம்பு கீது. இன்னா வோணும்?"

கஸ்தூரி முள்ளைப் பார்த்தாள். பிறகு தன் புடவையைப் பார்த்தாள். கடைசியில் கோதண்டத்தைப் பார்த்தாள்.

"அண்ணாத்த, இதுக்கா பொன்னேரில வந்து வேன் ஏறுனோம்?"

வெயில் மண்டையைப் பிளந்தது. சற்றுத் தள்ளி, ஒரு மதில் சுவருக்குள் மரங்களும் நிழலும் தெரிந்தன. கூம்பு கூம்பாகக் கட்டடங்கள், கவிந்த கூரைகள். போன உயிர் திரும்பியவர்போல் கோதண்டம் நடந்தார். "அதோ, அதான் மாளிகை! அந்தாளுக்கு இன்னா தெரியும்."

மாளிகையின் கல்வாசலில் இரண்டு பக்கமும் இரண்டு எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்டிருந்தன. நல்ல வேலைப்பாடு. விலா எலும்புகளை எண்ணிவிடலாம்.

கஸ்தூரி அங்கேயே நின்றுவிட்டாள். "இன்னா அண்ணாத்த இது? நல்ல காரியம் பேச வந்த எடத்துல எலும்புக்கூடு?"

கோதண்டத்துக்குப் புரிந்துவிட்டது. மதிலுக்குள் இருப்பவை மாளிகைகள் அல்ல. இது கல்லறைத் தோட்டம். சுடுகாட்டில் பெண் காட்டிய அப்பன் என்று மாதவரம் முழுக்கச் சொல்வார்கள். சொக்கம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனித வாழ்க்கையில் கொள்கைகள் சோதிக்கப்படுவது பெரிய மேடைகளில் அல்ல, இப்படிப்பட்ட வாசல்களில்தான். கோதண்டம் தோற்றார்.

"இது டாக்டர் காலேஜு, தங்கச்சி. அந்தக் காலத்துல டச்சுக்காரன் கட்னது. எலும்பு படிப்பு இங்கதான்."

சொல்லி முடித்ததும் காதில் சூடேறியது. பொய் சொல்லாமை நான்காவது சீலம். இத்தனை வருடம் அதில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

"டாக்டர் படிப்பா?" கஸ்தூரி எலும்புக்கூட்டை மறுபடி பார்த்தாள். இப்போது அதில் ஒரு மரியாதை இருந்தது. "டேய் குட்டுவா, அந்த போர்டுல இன்னா போட்டுகீதுன்னு படி."

பெயிண்ட் உரிந்த அரசாங்கப் பலகை ஒன்று வாசலருகே நின்றது. செங்குட்டுவன் கிட்டே போய்ப் படித்தான். முதலில் பலகையைப் பார்த்தான், பிறகு கார்குழலியைப் பார்த்தான்.

"காலேஜுதாம்மா" என்றான்.

உள்ளே போனதும் பெண்கள் நிழல் தேட, கோதண்டம் ஒரு பெரிய கல்லறைக் கூம்பின் பின்னால் போய் மூச்சு வாங்கினார். மறுபக்கம் மகளின் குரல் கேட்டது.

"போர்ட படிச்சீங்கல்ல?"

"படிச்சேன்."

"அப்புறம் எதுக்குப் பொய்?"

"சொல்லியிருந்தா எங்கம்மா நேரா வண்டில ஏறியிருக்கும். நான் இன்னும் உங்ககிட்ட ஒரு வார்த்தகூடப் பேசலயே."

"இப்ப பேசுங்க."

"...வெயிலு ஜாஸ்தியா கீதுல்ல?"

கார்குழலி சிரித்தாள். வந்த வரன்களில் அவளைச் சிரிக்கவைத்தவன் இவன்தான். இவ்வளவு சாதாரண வாக்கியத்துக்கு ஏன் சிரிக்கிறாள் என்று கோதண்டத்துக்கு விளங்கவில்லை. ஆனால் இந்தப் பையனை விட்டுவிடக் கூடாது என்பது விளங்கியது.

அதற்குள் சொக்கம்மாள், இடுப்புயரத்தில் மேடைபோல் இருந்த ஒரு கருங்கல் பலகையைக் கண்டுபிடித்திருந்தாள். எழுத்தெல்லாம் செதுக்கிய வழுவழுப்பான கல். அதன் மேல் பேப்பரை விரித்துப் புளிசோறு, அவித்த முட்டை, இறால் தொக்கு எல்லாவற்றையும் பரப்பினாள். எல்லோரும் சுற்றி நின்று சாப்பிட்டார்கள். கஸ்தூரி இரண்டாம் தடவை தொக்கு வாங்கினாள். "கை மணம் நல்லா கீது அண்ணி. பொண்ணும் செய்யுமா?" என்றாள். காரியம் கனிந்துவிட்டது என்று கோதண்டம் முட்டையை எடுத்தபோது, காக்கிச் சட்டைக் காவலாளி ஓடி வந்தார்.

"யோவ்! அறிவு கீதா? சமாதி மேல வச்சி துன்றீங்களே, நீங்கள்லாம் மனுசங்களா?"

கஸ்தூரியின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. "சமாதியா?"

"பின்ன? சுத்தி கீறது எல்லாமே சமாதிதான்."

"காலேஜுன்னாரே?"

"எந்த காலேஜு?"

செங்குட்டுவன் தொக்கை ஆராய்ந்தான். சொக்கம்மாளின் பார்வையில் வடிவுடையம்மன் கோயில் வாசலும் செருப்பு வரிசையும் தெளிவாகத் தெரிந்தன. கஸ்தூரி கையிலிருந்த கவளத்தை மெல்லக் கீழே வைத்தாள். எல்லோரும் அவள் கையைக் கழுவிக்கொண்டு கிளம்புவாள் என்று நினைத்தார்கள். அவளோ காவலாளியிடம் திரும்பினாள்.

"யாரு சமாதி? ஆம்பளயா பொம்பளயா?"

"பொம்பள. மரியான்னு கல்லுல கீது. படிக்கத் தெரிஞ்சவங்க வந்தப்ப சொன்னாங்க. பிரசவத்துல பூட்ச்சாம். புருஷன்தான் கல்லு வச்சானாம்."

"புருஷன் இருக்க சொல்லவே பூட்டாளா?"

"அவன்தான வச்சான்னு சொல்றேன்."

கஸ்தூரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அடியம்மா! பூவோட பொட்டோட போனவ. பூவாடைக்காரி!"

அந்த வட்டாரத்து வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கணவன் இருக்கும்போதே இறந்துபோன வீட்டுப் பெண்ணைப் பூவாடைக்காரி என்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்குப் பூவும் துணியும் சோறும் வைத்துப் படைத்த பிறகுதான் மற்றதெல்லாம். அவள் ஒத்துக்கொண்டால் குடும்பம் தழைக்கும். அந்தப் பூவாடைக்காரி டச்சுக்காரியாக இருக்கக் கூடாது என்று யாரும் எங்கேயும் சொல்லவில்லை.

"கேக்காமலே அவ மடில வச்சி சோறு துன்னுகீறோம் அண்ணி" என்றாள் கஸ்தூரி. "அவளே கூப்ட்டு வச்சி சோறு போட்டுகீறா. படைக்காம போனா ஆவாது. சூடம் கொளுத்தணும். தேங்கா ஒடைக்கணும். பொண்ணோட அப்பாதான் செய்யணும்."

எல்லோரும் கோதண்டத்தைப் பார்த்தார்கள்.

முப்பது வருடமாக அவர் சூடத்தைத் தொட்டதில்லை. முடியாது என்று சொன்னால் சம்பந்தம் போய்விடும். கொளுத்தினால் வியாசர்பாடிக்குள் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அவர் வாயைத் திறந்தார். சொக்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இங்க சூடம் கீடம் கொளுத்தினா கேஸு" என்றார் காவலாளி. "தேங்காயும் ஒடைக்கக் கூடாது. கவுருமெண்டு பாதுகாக்கிற எடம்."

கோதண்டம் அரசாங்கத்தை இவ்வளவு நன்றியோடு எப்போதும் நினைத்ததில்லை. "கேட்டியா தங்கச்சி? சட்டம்! சட்டத்த மீற முடியாது."

"அப்ப பூ வைக்கலாமா?"

"பூன்னா வச்சிக்க. அப்பறம் பெருக்கிட்டுப் போவணும்" என்றார் காவலாளி.

சொக்கம்மாள் தன் தலையிலிருந்த மல்லியை எடுத்துக் கல்லின் மேல் வைத்தாள். கஸ்தூரி ஒரு கவளம் புளிசோறும் முட்டையும் வைத்தாள். கொஞ்சம் யோசித்துத் தொக்கும் வைத்தாள். "சீமக்காரி, காரம் ஆவுமோ ஆவாதோ" என்றாள். துணிக்குக் கார்குழலி தன் புதுத் துப்பட்டாவைக் கழற்றி மடித்துக் கல்லின் மேல் வைத்தாள்.

"சூடம் இல்லாட்டி போவுது. நாலு நல்ல வார்த்த சொல்லுங்க அண்ணாத்த."

நல்ல வார்த்தை என்று கோதண்டத்துக்குத் தெரிந்தவை பாலியில்தான் இருந்தன. கடவுளைக் கும்பிடுவதற்கும் இறந்தவருக்கு மரியாதை செய்வதற்கும் வித்தியாசம் உண்டு என்று மனதுக்குள் சட்டென ஒரு வாதம் அமைத்துக்கொண்டார். அதில் பெரிய ஓட்டை எதுவும் தெரியவில்லை. கையைக் கூப்பி, புத்தம் சரணம் என்று திரிசரணத்தில் ஆரம்பித்தார். துறைமுகத்தில் கப்பல்காரனுக்குக் கேட்கும்படிக் கத்திப் பழகிய தொண்டை. கல்லறைகளில் பட்டுக் குரல் திரும்பி வந்தது. காவலாளி தொப்பியைக் கழற்றினார். பஞ்சசீலத்தில் நான்காவது சீலம் வந்தபோது மட்டும் கோதண்டத்துக்கு இருமல் வந்தது. அதைக் கஸ்தூரி கண்ணீரை அடக்குவதாக எடுத்துக்கொண்டாள்.

திரும்பும்போது கஸ்தூரி சொக்கம்மாளின் கையைப் பிடித்தபடியே வேனில் உட்கார்ந்திருந்தாள். "எனக்குச் சம்மதம் அண்ணி. அவளே குடுத்தது. நாம யாரு தடுக்க?" என்றாள். பொன்னேரி வந்தது. அங்கே இறங்க வேண்டிய கஸ்தூரி, சம்பந்தி வீட்டில் ஒரு வாய் காபி குடிக்காமல் போவதில்லை என்று இறங்கவில்லை.

மீஞ்சூர் நெருங்கும்போது அவள் பின்னால் திரும்பினாள். "அண்ணாத்த, ஒண்ணு கேக்கணும். கல்யாணத்துக்கு ஐயரு வாணாம். நீங்களே அந்த மந்திரத்தச் சொல்லிடுங்க. இன்னா ஒரு பக்தி! எனக்குப் புல்லரிச்சிப் போச்சு."

ஐயர் இல்லாத கல்யாணத்துக்காகக் கோதண்டம் வருடக்கணக்கில் வாதங்களைச் சேர்த்துவைத்திருந்தார். அவற்றில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை. வெற்றி வந்துவிட்டது, தப்பான காரணத்துக்காக. அது மந்திரம் இல்லை. அதில் பக்தி இல்லை. அது ஒரு மனிதன் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் ஐந்து வாக்குறுதி.

"தங்கச்சி, அது வந்து மந்திரம் இல்ல..."

செங்குட்டுவன் முன்சீட்டிலிருந்து திரும்பினான். கார்குழலி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் அவள் விரல்கள் சீட்டின் விளிம்பைப் பிடித்திருந்தன.

"இன்னா இல்ல?" என்றாள் கஸ்தூரி.

கோதண்டம் மகளின் விரல்களைப் பார்த்தார்.

"மந்திரம் இல்லன்னா... நீ கேட்டது பாதிதான்னு சொல்றேன். முழுசா சொன்னா ரொம்ப நேரம் ஆவும், அதான்."

"ஆவட்டும் அண்ணாத்த" என்றாள் கஸ்தூரி. "கல்யாணச் சோறு லேட்டா போட்டுக்கலாம்."