கறுப்பு ஜீப்பில் காய்ந்த சேறு

டயர்க்கடைக்குப் பக்கத்தில் வண்டி கழுவுகிறவருக்குப் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கத்தான் செய்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. 'ஊறட்டும் அண்ணன்' என்று கேட்டால் நண்டு சிண்டுகூட வழி காட்டும். சேறு அப்பிய வண்டி எது வந்தாலும், ஓட்டி வந்தவன் எவ்வளவு குதித்தாலும், அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்த ஒரு சொல்தான். "ஊறட்டும்."

சொல்லிவிட்டு ஒரு தேய்ந்த டயரின் மேல் உட்கார்ந்துவிடுவார். பார்க்கிறவர்களுக்கு இது சோம்பேறித்தனமாகத் தெரியும். தெரிந்தால் தெரியட்டும், தொழிலே அதுதான். காய்ந்த சேற்றுக்குள் மணல் இருக்கிறது. அதைத் துணியால் துடைப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் ஒன்றுதான். வெள்ளை வண்டி என்றால் எப்படியோ தப்பிக்கலாம். கறுப்பு வண்டி இருக்கிறதே, அது செய்த பாவத்தையெல்லாம் வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும். நிழலில் நிறுத்தி பானட் சூடு தணிய வேண்டும். மெல்லத் தண்ணீர் விட்டு, சேறு தானாகப் பிடியை விடுகிறவரை காத்திருக்க வேண்டும். சக்கரத்துக்கு மேல் அடைந்து கிடக்கும் கட்டியையெல்லாம் பம்பு வைத்து அடித்து இறக்க வேண்டும். அப்புறம் ஷாம்பூ நுரை, மறுபடியும் காத்திருப்பு. கை படுவதும் பனியன் துணி படுவதும் கடைசியில்தான்.

மழைக்கு முன்னாலேயே மெழுகு பூசி வைத்தால் சேறு இவ்வளவு ஒட்டாது, வழுக்கி விழுந்துவிடும், பட்ட சேற்றையும் காயவிடக்கூடாது என்று முன்பெல்லாம் எல்லாரிடமும் சொல்வார். எல்லாரும் தலையாட்டினார்கள், ஒருவரும் கேட்கவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு. அவருக்கும் வாய் வலித்து, சொல்வதை விட்டுவிட்டார்.

இப்படிக் காத்திருந்து காத்திருந்து பழகியவர், அந்தப் பழக்கத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போயிருக்கலாம். போகவில்லை. அதுதான் இந்தக் கதை.

அவர் மனைவி வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். அக்கம்பக்கத்துக்கு டெய்லரக்கா. ஒரு நாள் சோறு போடும்போது, "வலது கண்ணுல யாரோ பாலை ஊத்தின மாதிரி இருக்குதுங்க," என்றாள். டாக்டரிடம் காட்டினார்கள். புரை என்றார்கள், எடுத்துவிட வேண்டும் என்றார்கள்.

"மழை முடியட்டும். இப்பத்தான் வண்டி வந்து குவியுது," என்றார் இவர்.

மழை முடிந்தது. தங்கை வீட்டு விசேஷம் முடியட்டும் என்றார். அதுவும் முடிந்தது. மறுபடியும் மழை வந்துவிட்டது. இதற்குள் அவள் ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட ஆரம்பித்திருந்தாள். ஒரு நாள் யாரோ ஒருவரின் சட்டைக்கு ஒரு கையை உள்பக்கம் வெளியே வரும்படி வைத்துத் தைத்துவிட்டாள். கணவனும் மனைவியும் அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் அவள் கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் வரவில்லை. மறுநாள் தானே ஆஸ்பத்திரிக்குப் போய் வியாழக்கிழமைக்கு ஆபரேஷனுக்குச் சொல்லிவிட்டு வந்தாள்.

"கூட ஆள் வரணுமாம். ஆள் இல்லேன்னா திருப்பி அனுப்பிடுவாங்களாம். இந்தத் தடவை விட்டா, ஆபரேஷன் பண்ண வெளியூர்ல இருந்து வர்ற டாக்டரம்மா இனி எப்ப இந்தப் பக்கம் வருவாங்கன்னே தெரியாதாம்."

"நான் இருக்கேன்ல? வராம எங்க போகப்போறேன்?" என்றார்.

புதன்கிழமை சாயங்காலம், கடையைச் சாத்தப் போகிற நேரத்தில், மலைப்பாதை போடுகிற கான்ட்ராக்டரின் ஜீப் வந்து நின்றது. கறுப்பு ஜீப் என்று தெரிந்தவர்கள் சொன்னால்தான் உண்டு. கூரையிலிருந்து படி வரை மஞ்சள் களிமண், வெயிலில் வெந்து ஓடு மாதிரி வெடித்திருந்தது.

"என்ன தம்பி இது, வண்டியா இல்ல பாம்புப் புத்தா?" என்று டிரைவரைக் கேட்டார்.

"பள்ளத்துல இறங்கிருச்சுண்ணே. தூக்கிப் போட ஆள் வர்ற வரைக்கும் நாள்கணக்கா வெயில்லயே நின்னுச்சு." டிரைவருக்குக் கண் சொருகியது. சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தான்.

டயர்க்கடை முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "நாளைக்கு மத்தியானம் வண்டிய விலைக்கு வாங்குறவங்க வர்றாங்க. ஒரு பொட்டுக் கறை இருக்கக்கூடாதுன்னு கான்ட்ராக்டர் சொல்லியிருக்காரு."

"முதலாளி, நாளைக்கு நான் லீவு. வீட்டுல கண் ஆபரேஷன்."

"அது காலையில தானே? விடியறதுக்கு முன்ன வந்து முடிச்சிட்டுப் போயேன். யாரு வேணாங்குறா?"

முடியாது என்று சொல்வதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். அன்றைக்கு அவர் உடம்பில் அது மிச்சமில்லை. முதுகு விட்டுப்போயிருந்தது, தோள்பட்டை தனியாக ஒரு வழியில் போய்க்கொண்டிருந்தது. சரி என்று தலையாட்டினார். கரண்டும் இல்லை, பம்பு ஓடாது. தொட்டியில் இருந்த தண்ணீரில் கோணிச் சாக்குகளை நனைத்து, நோயாளிக்குப் பற்றுப் போடுவது போல ஜீப் முழுக்க ஒட்டவைத்தார். ராத்திரி முழுக்க ஊறினால் காலையில் சொன்னபடி கேட்கும்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே அவள் மோப்பம் பிடித்துவிட்டாள். "களிமண் வாடை. பெரிய வண்டியா?"

"சின்னதுதான்."

"என்ன கலரு?"

"கறுப்பு," என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டார்.

"அப்ப சின்ன வேலை இல்ல."

"எட்டு மணிக்குள்ள ஓடி வந்துருவேன். நீ புறப்பட்டு உட்கார்ந்திரு."

"வருவீங்க," என்றாள். அதில் நம்பிக்கையும் இல்லை, கோபமும் இல்லை. அலுப்பு மட்டும் இருந்தது.

விடியுமுன் கரண்டு வந்துவிட்டது. சாக்கை உரித்தார். கூரை மண் பணிந்து இறங்கியது. பானட் இறங்கியது. இடப்பக்கக் கதவுகள் வழிக்கு வந்தன. வலப்பக்கம்தான் வெயில் பட்ட பக்கம், அது முரண்டு பிடித்தது. மறுபடி நனைத்து, மறுபடி சாக்கைப் போட்டார். அதற்குள் பின்கதவை முடித்துவிடலாம் என்று குனிந்தார். அது முடிந்ததும் இன்னும் ஒரு கதவுதானே என்றார். யாரிடம் சொன்னார்? அவரிடமே. எட்டு மணி வந்தது, அதுவும் அவரைப் பார்த்துவிட்டு அலுத்துப்போய் நடந்தது.

சாலையில் ஒரு லாரி பிரேக் போட்ட சத்தம் காதைக் கிழித்தது. "கண்ணு தெரியல? வீட்டுல சொல்லிட்டு வந்தியா?" என்று லாரிக்காரன் கத்தினான். நிமிர்ந்து பார்த்தார். லாரியின் முகப்புக்கு ஒரு கை தூரத்தில், தோளில் துணிப்பையோடு, எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியாமல் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு ஓடினார். நுரைக் கையோடு அவள் கையைப் பிடித்து இந்தப் பக்கம் கூட்டிவந்து டயர் மேல் உட்காரவைத்தார்.

"வண்டிச் சேத்தை ஊறப்போடுங்க, யாரு வேணாம்னா? என் கண்ணையுமா ஊறப்போடணும்?" என்றாள். குரல் உயரவேயில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

கையிலிருந்த பனியன் துணியைக் கீழே போட்டார். வலப்பக்கச் சாக்குகளின் மேல் ஒரு பக்கெட் தண்ணீரைக் கொட்டினார். கடைக்குள் எட்டிப் பார்த்து, "முதலாளி, அந்தப் பக்கத்தை யாரும் தொடாதீங்க. சாக்குல தண்ணி மட்டும் ஊத்திக்கிட்டே இருங்க. நான் வந்து முடிக்கிறேன்," என்றார்.

"அப்ப வாங்குறவங்க வந்தா?"

"காத்திருக்கச் சொல்லுங்க," என்றார். அந்தக் கடையில் அவர் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் கடைசி ஆளாகத்தான் உள்ளே விட்டார்கள். டாக்டரம்மா கண்ணுக்குள் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு இவரைத் திரும்பிப் பார்த்தார். "கல்லாட்டம் கெட்டியாயிருச்சு. ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?"

"மழை..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"எடுத்துடறேன். ஆனா பார்வை எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது. இடது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு. அதையாவது தள்ளிப்போடாதீங்க."

அவளை உள்ளே கூட்டிப்போனார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். நகக்கண்களில் மஞ்சள் களிமண் அப்படியே இருந்தது. ரொம்ப நாள் காய்ந்த சேற்றை எவ்வளவு பக்குவமாகக் கழுவினாலும், அடியில் பெயின்ட்டோடு ஒரு நிழல் தங்கிவிடும். எந்த பாலிஷுக்கும் அது போகாது. ஊறப்போடலாம், ஆனால் காயவிடக்கூடாது. ஊருக்கெல்லாம் சொன்னவர்தானே அவர்? கோவில் மணி மாதிரி சொல்லிக்கொண்டிருந்தவர்தானே? அந்தப் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்து, போகிற வருகிற ஆட்களைப் பற்றி நினைக்காமல் அழுதார்.

மறுநாள் கடைக்குப் போனால் ஜீப் இல்லை. ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுக்கவில்லை. வாங்குகிறவர் முன்கூட்டியே வந்துவிட, முதலாளி காய்ந்துபோன சாக்கை உருவிப் போட்டுவிட்டு, கல்லா நாற்காலியில் கிடந்த துண்டால் வலப்பக்கம் முழுவதையும் வட்டம் வட்டமாக அழுத்தித் துடைத்திருக்கிறார். வானம் மூடியிருந்ததால் வாங்கியவர் கண்ணுக்குப் பளபளப்பு மட்டும் தெரிந்திருக்கிறது. ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

"நீ இல்லாமயே நடந்துச்சு பாத்தியா?" என்று முதலாளி சிரித்தார். அந்தத் துண்டில் நறநறவென்று மண் ஒட்டியிருந்தது. அண்ணன் அதை எடுத்து அலசிக் காயப்போட்டார். கோபப்படக்கூட அலுப்பாக இருந்தது.

கண் கட்டைப் பிரித்த அன்று, "எப்படி இருக்கு?" என்று பக்கத்திலேயே நின்று கேட்டார்.

"பளிச்சுனு இருக்குங்க," என்றாள். "உங்க மீசையில நரை கூடிருச்சே."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மீசை நரைத்துப் பல காலம் ஆயிற்று, அது அவளுக்கும் தெரிந்ததுதான் என்பது அப்போது அவர் புத்தியில் படவில்லை. மெஷினை மட்டும் அவள் திறக்கவில்லை. கேட்டால், "கை பழக்கம் விட்டுப்போச்சு, மெதுவா ஆரம்பிக்கலாம்," என்றாள். நம்ப ஆசைப்பட்டவனுக்கு அதுவே போதும். அடுத்த கண்ணைப் பற்றி அவர் பேச்செடுத்தபோது, "மழை முடியட்டும்," என்றாள். அவருடைய சொல்லை அவருக்கே திருப்பிக் கொடுத்தாள். அவரும் வாங்கிக்கொண்டார்.

சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம் அதே ஜீப், புது முதலாளியோடு, கழுவ வந்தது. இந்த முறை சேறு கொஞ்சம்தான். ஊறவைத்து, வலப்பக்கத்தைக் கழுவி, ஒற்றித் துடைத்தார். வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. உச்சி சாய்ந்த வெயில் நேரே அந்தக் கதவுகளில் விழுந்தது. டயர்க்கடை முதலாளியின் துண்டு போன பாதையெல்லாம் தெரிந்தது. வட்டத்துக்குள் வட்டமாக, சிலந்தி வலை பின்னியது போல, கீறல் இல்லாத இடம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. தெருவின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலே கண்ணை உறுத்தும்.

அந்த நேரம் பார்த்து அவள் தூக்குவாளியோடு வந்தாள். கதவுக்கு வெகு அருகில் வந்து, சரியாகக் கீறல்களுக்கு நேரே நின்றாள்.

"இதுதான் அந்தக் கறுப்பு வண்டியா? கண்ணாடி மாதிரி வச்சிருக்கீங்களே," என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். "ஒரு கோடு உண்டா பாருங்க!"

அவர் கையிலிருந்த துணியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் முகத்தையே பார்த்தார். அவள் கதவைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தாள்.

"எவ்வளவு தெரியுது?" என்றார். "உண்மையச் சொல்லு."

சிரிப்பு மெல்ல நின்றது. தூக்குவாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"வெளிச்சம் தெரியுது. ஆள் நிக்கிறது தெரியுது. வலது கண்ணுல அவ்வளவுதான். இடது கண்ணை வச்சுத்தான் நடமாடுறேன், அதுவும் புகைஞ்சுக்கிட்டு வருது."

"ஏன் சொல்லல?"

"நீங்க பெஞ்சுல உட்கார்ந்து அழுதீங்கன்னு நர்ஸு சொல்லிச்சு," என்றாள். "மறுபடி எதுக்கு அழ வைக்கணும்னு விட்டுட்டேன்."

அவர் துணியைப் பக்கெட்டில் போட்டார். குழாயடியில் கையைக் கழுவினார். வேஷ்டியில் துடைத்துக்கொண்டு வந்து, அவள் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கி டயர் மேல் வைத்தார்.

"வா, போகலாம்."

"எங்க?"

"டாக்டரம்மாகிட்ட. அவங்க இல்லேன்னா இன்னொருத்தர்கிட்ட. இருக்கிற கண்ணைக் காப்பாத்தணும்."

"என்ன அண்ணே, பாதிலயே போறீங்க? அந்தப் பக்கம் சேறு காயுது!" என்று ஜீப்பின் புது முதலாளி கத்தினார். கடைக்குள்ளிருந்து டயர்க்கடைக்காரரும் ஏதோ கத்தினார். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை.

"சாப்பிட்டுட்டாவது போகலாங்க. சோறு வீணாயிடும்," என்றாள் அவள்.

"பரவாயில்ல."

சாலை ஓரம் வந்ததும் அவளுடைய வலப்பக்கம் வந்து நின்றுகொண்டு, கையைப் பிடித்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். பார்த்துக்கொண்டே அவளைக் கூட்டிக்கொண்டு கடந்தார்.