மகோகா எழுதிய இரங்கல் உரைகள்

எங்கள் ஊரில் யாராவது இறந்துவிட்டால் முதலில் பாதிரியாருக்குச் சொல்லி அனுப்புவோம். அடுத்து மகோகாவுக்கு. பாதிரியார் ஜெபம் செய்வார். அடக்கத்தில் எங்கள் தொகுதி எம்.பி. பேச வேண்டியதை மகோகா எழுதித் தருவான். எம்.பி.யை நாங்கள் பெயர் சொல்லி அழைப்பதில்லை, மாண்புமிகு என்போம். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்பது அவரவர் வயிற்றெரிச்சலைப் பொறுத்தது.

மகோகா நைரோபியில் பொதுக்கொள்கை படித்து முதுகலைப் பட்டம் வாங்கியவன். நானும் அவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம், மதிப்பெண்ணும் ஏறத்தாழ ஒன்றுதான். ஊர் கூடி ஹராம்பே நடத்தி, கோழியும் ஆடும் மக்காச்சோள மூட்டையுமாக ஏலம் விட்டுப் பணம் திரட்டியது அவனுக்கு மட்டும். பெண்ணுக்கு வாத்தியார் பயிற்சியே அதிகம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அது அவன்மேல் இல்லை.

அந்த ஹராம்பேயில் கரும்பு விவசாயி வசிகே எழுந்து நின்று கேட்டார்.

"டாக்டருக்குப் படிச்சா ஊசி போடுவான். வக்கீலுக்குப் படிச்சா கேஸ் நடத்துவான். இது என்னப்பா படிப்பு? படிச்சிட்டு என்ன பண்ணுவ?"

"கவர்மெண்டு எதைச் செய்யணும், எதை முதல்ல செய்யணும்னு கணக்குப் போட்டுச் சொல்றது, மாமா."

"அப்போ நமக்குப் பாலம் போடுவியா?"

"நான் போட மாட்டேன் மாமா. போடணும்னு முடிவு பண்ற இடத்துல இருப்பேன்."

"அடேயப்பா! போடறவனுக்கும் மேலயா!" என்று வசிகே தன் சேவலைத் தூக்கி ஏலத்துக்குக் கொடுத்தார்.

நாமாசி ஆற்றுக்கு இந்தக் கரையில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம். பிள்ளைகளில் பாதிப்பேர் அந்தக் கரை. இரண்டு மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டு வைப்பார்கள், பெருமழைக் காலத்தில் ஆறு அதை அடித்துக்கொண்டு போகும். மழை விட்டதும் மறுபடி இரண்டு மரம்.

மகோகாவோடு படித்தவர்களில் ஒருத்தி நிதி அமைச்சகத்தில் இருக்கிறாள். ஒருவன் ஜெனீவாவில். இன்னொருவன் தொண்டு நிறுவனங்களுக்கு அறிக்கை எழுதியே வீடு கட்டிவிட்டான். இவனுக்கும் நைரோபியிலேயே இடம் கிடைத்திருக்கும். ஊர்ச்சேவலைத் தின்றவன் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று வந்து சேர்ந்தான். வந்த வேகத்தில் பாலத்துக்கு முறையாக ஒரு திட்டம் எழுதி, மாவட்ட அலுவலகத்துக்குக் கொண்டு போனான். அங்கிருந்த அதிகாரி புரட்டிப் பார்த்தார்.

"மழைக்காலத்துல யாருமே இந்த ஆத்தைக் கடக்கறதில்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் பாலம் எதுக்கு?"

இதை அவன் வந்து சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

பிறகுதான் மாண்புமிகுவிடம் சேர்ந்தான். தொகுதி நிதி அவர் கையில் இருந்தது. பதவியின் பெயர் கொள்கை ஆலோசகர். செய்த வேலை, தொகுதி முழுக்க வாரம் தவறாமல் இரங்கல் உரை எழுதியது. செத்தவரைப் பற்றி வீடு வீடாகப் போய்க் கேட்பான். எந்தப் பாட்டு பிடிக்கும், எந்த மாட்டுக்கு என்ன பெயர் வைத்திருந்தார் என்று விசாரித்து, கேட்பவர்கள் கண் கலங்கும்படி எழுதுவான். எங்கள் ஊர் அடக்கம் என்றால் கடைசியில் ஒரு வரி சேர்ப்பான்: 'நாமாசிக்குப் பாலம் வரும், இது என் வாக்கு.'

"பலபேர் முன்னாடி திரும்பத் திரும்பச் சொன்ன வாக்கிலேர்ந்து ஒரு தலைவர் நழுவ முடியாது, டீச்சர். இது ஆராய்ச்சியிலயே நிரூபிச்சது," என்றான்.

"எந்த ஊர் ஆராய்ச்சி அது?" என்றேன்.

ஒவ்வோர் ஆண்டும் நிதிக்குழு கூடும். பாலம் அடிபட்டுப் போகும். மாண்புமிகு அவன் முதுகில் தட்டுவார். "இந்த வருஷம் முடியல, புரொபசர். ஆனா அந்த வரியை மட்டும் எடுத்துடாத. ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு." இப்படிப் பதினொரு சவப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று அவர் எங்களுக்குப் பாலம் கொடுத்துவிட்டார். கணக்கு என்னுடையதல்ல, மகோகாவுடையது. அவன் கணக்கில் கெட்டிக்காரன்.

இந்த ஆண்டு மழை முன்னதாகவே வந்தது. பரீட்சை நாளன்று வசிகேயின் மகள் நெலிமா குறுக்கே போட்டிருந்த மரத்திலிருந்து வழுக்கி ஆற்றில் விழுந்தாள். என் நான்காம் வகுப்புப் பிள்ளை. புத்தகப் பையைத் தலைமேல் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், நனையக் கூடாது என்று. கீழே ஆறு வளைகிற இடத்தில் கிடைத்தாள். பை தலையிலேயே இருந்தது.

அன்று மாலை மகோகா என் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான்.

"நெலிமாவைப் பத்தி..." என்று ஆரம்பித்தான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த தேநீர்க் குவளையைக் கீழே போட்டேன். "என்ன வேணும் உனக்கு? அவளுக்குப் பிடிச்ச பாட்டா? எதைச் சொன்னா கை தட்டுவாங்கன்னு பாக்க வந்தியா? த்தூ! நீ படிச்ச படிப்புக்கு எங்க கோழிங்க எல்லாம் முட்டையாவது போட்டுக்கிட்டு இருந்திருக்கலாம்!"

அவன் மண்ணில் உட்கார்ந்து அழுதான். ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பிறகு மெல்லச் சொன்னான்.

"நான் எழுதிக் குடுக்கறதை அவர் முன்கூட்டிப் படிக்கறதே இல்ல. மைக் முன்னாடி நின்னுதான் முதல்தடவை பாப்பார். இந்தத் தடவை உள்ளதை எழுதப் போறேன்."

"வேலை போயிடும்டா. பொண்டாட்டி, ரெண்டு குழந்தை."

"போகட்டும். எல்லார் முன்னாடியும் அவர் வாயாலயே மாட்டிக்கிட்டா, நிதியைத் திறந்துதானே ஆகணும்? எனக்கு வேற வழி தெரியல, டீச்சர்."

அவனைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆனால் நானும் நம்பினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த இரவு பாலத்தையே கனவு கண்டேன்.

அடக்கத்தன்று பந்தல் கொள்ளவில்லை. வாடகை நாற்காலிகள் போதாமல் பிள்ளைகள் சேற்றில் உட்கார்ந்தார்கள். மாண்புமிகு வழக்கம்போல் தாமதமாக, மூன்று வண்டிகளோடு வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பிரித்தார்.

"நெலிமாவை ஆறு கொல்லவில்லை," என்று படித்தார். "பதினொரு அடக்கங்களில் நான் இந்த ஊருக்குப் பாலம் தருவதாக வாக்குக் கொடுத்தேன். பதினொரு முறையும் பொய் சொன்னேன். பணம் இருந்தது. வேறு இடத்துக்குப் போனது. இந்தப் பிள்ளையின் சாவுக்கு நான் பொறுப்பு."

நின்றுவிட்டார். ஒலிபெருக்கியின் இரைச்சல் மட்டும் கேட்டது. மகோகா ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். முகத்தில் ஒரு நிம்மதி, காய்ச்சல் விட்டவன்போல. தொலைந்தார் மனிதர் என்று நான் நினைத்தேன்.

மாண்புமிகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். தாளை மீண்டும் உயர்த்தி, அதே வரிகளை முதலிலிருந்து, இன்னும் மெதுவாகப் படித்தார். குரல் உடைந்தது. பிறகு மைக்கை விட்டு இறங்கி, சேற்றில் நடந்து, வசிகேயின் முன்னால் அந்த நல்ல கால்சட்டையோடு மண்டியிட்டார்.

பெண்கள் ஓவென்று கதறினார்கள். "எந்தத் தலைவன் இப்படி ஒத்துக்கிட்டான்!" என்று யாரோ கத்தினார். அடக்க வீட்டில் கைதட்டல் எழுந்தது. வசிகேயே அவரைத் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார். "அடுத்த மழைக்கு முன்னாடி பாலம்!" என்றார் மாண்புமிகு. கூட்டம் பாட ஆரம்பித்தது. பாட்டு முடிந்தபிறகுதான் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள்.

வண்டியில் ஏறும் முன் அவர் மகோகாவை அணைத்துக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"புரொபசர்! இந்தக் கையை இத்தனை நாளா எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்த? சனிக்கிழமை மேற்குப் பக்கத்துல ஒரு அடக்கம் இருக்கு. பிரசவத்துல செத்த பொண்ணு, அங்க ஆஸ்பத்திரி கேட்டுக்கிட்டு இருக்காங்க. இதே மாதிரி எழுது. முட்டி போடறதுக்கு மட்டும் இடம் விட்டு எழுது."

மகோகா வாயைத் திறந்தான். அதற்குள் வண்டிக் கதவு சாத்தியாகிவிட்டது.

நிதிக்குழு சென்ற மாதம் கூடியது. பாலம் பட்டியலில் இல்லை. இந்த முறை யாரும் கேட்கவும் இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. முன்பெல்லாம் நாலுபேராவது போய்ச் சத்தம் போடுவார்கள்.

இப்போது சிறுமழைக் காலம். மரத்தின்மேல் இனி யாரும் பிள்ளைகளை விடுவதில்லை. காலையில் மகோகா சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு, மார்பளவுத் தண்ணீரில் நின்று பிள்ளைகளைத் தோளில் தூக்கி இந்தக் கரைக்குக் கொண்டுவருகிறான். முடிந்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு எழுதப் போகிறான். எழுதாவிட்டால் வீட்டில் அடுப்பெரியாது. நான் கரையில் நின்று பிள்ளைகளை வாங்கிக்கொள்கிறேன்.

நேற்று வசிகே தன் கடைசி மகனைக் கூட்டிக்கொண்டு அக்கரைக்கு வந்தார். பிள்ளையை மகோகாவின் தோளில் ஏற்றிவிட்டு, என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"டீச்சர், அடுத்த எலக்‌ஷன்லயும் நம்ம ஓட்டு மாண்புமிகுவுக்குத்தான், என்ன?"

"பாலம் எங்க மாமா?" என்று கத்தினேன்.

"அவ்வளவு பெரிய மனுஷன் என் முன்னால சேத்துல முட்டி போட்டாரும்மா. இதுக்கு மேல என்ன வேணும்?"

மகோகா ஆற்றின் நடுவில் இருந்தான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பையனின் இரண்டு கால்களையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்த அடியை எங்கே வைப்பது என்று காலால் துழாவிக்கொண்டிருந்தான்.