கொடிக்கம்பில் பாதி

பொய் சொல்லிப் பெற்றுக்கொண்ட உதவிக்கு எப்படி நன்றி சொல்வது? நான்கு வருடமாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. பதில் மட்டும் கிடைத்தபாடில்லை.

அப்போது நாங்கள் கீழ்வேளூரில் வாடகை வீட்டில் இருந்தோம். மகளுக்கு மூன்று வயது முடியவில்லை. பிரசவத்துக்குப் பிறகு எனக்கு உடம்பு போட்டுவிட்டது. தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். தனியாக நடந்தால், "புள்ளைய யாருகிட்ட விட்டுட்டு வந்தீங்க?" என்று பத்தடிக்கு ஒருவர் நிறுத்திக் கேட்பார்கள். தூக்கிக்கொண்டு நடந்தால், "இந்த வெயில்ல பச்சப் புள்ளைய ஏன் இழுத்துக்கிட்டு அலையிறீங்க?" என்பார்கள். இரண்டையுமே நானும் மனதுக்குள் கேட்டுக்கொள்கிற ஆள்தான். என் புலம்பலைக் கேட்கமுடியாமல் கணவர் ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். கியர் வைத்தது, தடித்த டயர். கப்பி ரோட்டில் கல் மேல் ஏறினாலும் அசையாது. பின்னால் குழந்தைக்கு ஒரு சீட்டு.

கடைக்காரர் சேலை கார்டு மாதிரி ஒரு வலையைச் சக்கரத்துக்குப் போட்டுக்கொள்ளச் சொன்னார். நான் சுடிதார்தானே போடுகிறேன் என்று வேண்டாம் என்றுவிட்டேன். ஆனால் கொடி மட்டும் கட்டினேன். சீட்டுக்குப் பின்னால் உயரமாக ஒரு கொடி இருந்தால் வண்டிக்காரர்களுக்குத் தூரத்திலேயே தெரியும் என்று எங்கோ படித்திருந்தேன். பரணில் கணவரின் பழைய கொடிக்கம்பு ஒன்று கிடந்தது. மூங்கில் கம்பு, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாகப் பெயிண்ட், அடியில் ஆபீஸ் எண், நுனியில் அதே நிறங்களில் கொடி. அவர் அரசாங்க சர்வேயர். நிலம் அளக்கும்போது தூரத்தில் நட்டுவைத்துப் பார்க்கிற கம்பு அது. நான் அதைச் சைக்கிளில் கட்டியதைப் பார்த்து அவரும் சிரித்தார். எங்கள் இரண்டு பேருக்குமே வேறு எதுவும் தோன்றவில்லை.

காலையில் ஓடம்போக்கி ஆற்றங்கரையோடு கிழக்கே போவேன். லாரி, பஸ் கிடையாது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல், நடுவில் கப்பி ரோடு. கல்லின் மேல் டயர் போகிற நறநற சத்தம் மகளுக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த வழியில் எனக்குக் கிலோமீட்டர் கணக்கு வராது, கோயில் கணக்குதான். முதலில் அந்தோணியார் கோயில், அப்புறம் வேதக் கோயில் என்று சொல்கிற ஒரு சின்னச் சர்ச், கடைசியாக மாதா கோயில். மூன்றுமே பழசு. மாதா கோயிலை எப்போது கட்டினார்கள் என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாதாம். ஒரு முழத்துக்கும் அதிகமான கனத்தில் சுண்ணாம்புச் சுவர். முட்டைக்கரு போட்டு அரைத்த பூச்சு என்றார்கள். தொட்டால் சங்கைத் தொடுவதுபோல் வழவழப்பாக, சித்திரை வெயிலிலும் குளிர்ச்சியாக இருக்கும். வாசலில் புரியாத எழுத்தில் ஒரு கல்லறைக் கல். அதன் மேல் நடவுப் பெண்களின் தூக்குவாளிகள் வரிசையாக இருக்கும். மணிக் கயிறு வெளியிலேயே தொங்கும். உச்சிவேளையில் அந்த மணி அடித்தால்தான் வயலில் சாப்பாடு. அதைக் கேட்டுக் கரையேறுகிறவர்களில் நெற்றியில் திருநீறு வைத்தவர்களும் உண்டு. இதெல்லாம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. நான் திரும்பத் திரும்பப் போனதற்கு உடம்பு மட்டும் காரணமில்லை.

அது புரட்டாசி மாதம், சம்பா நடவு நேரம். அதற்கு முந்தின வாரம் கணவர் சட்டையெல்லாம் சேறாக வீட்டுக்கு வந்திருந்தார். எரிவாயுக் குழாய் பதிக்க வயல்களை அளக்கப் போன இடத்தில் ஊர்க்காரர்கள் மறித்து, சேற்றை வாரி எறிந்து திருப்பி அனுப்பியிருந்தார்கள். எந்த ஊர் என்று கேட்டேன். "கெழக்கால" என்றதோடு குளிக்கப் போய்விட்டார். நானும் சட்டையைத் துவைத்துப் போட்டுவிட்டு மறந்துவிட்டேன்.

ஒரு மாதமாக அந்தப் பக்கம் போகாமலிருந்து அந்தச் சனிக்கிழமைதான் போனேன். மாதா கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டின் குறுக்கே ஒரு பனைமரம் கிடந்தது. காற்றில் விழுந்தது போலிருக்கிறது என்று நினைத்து, ஓரத்து இடைவெளியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். கோயில் வாசலில் நிறுத்தினேன். சீட்டில் காலைக் கட்டுகிற வார் இறுக்குகிறது என்று மகள் அழுததால் கழற்றிவிட்டேன். போனை எடுத்துக் கோபுரத்தைப் படம் பிடித்தேன். வயல் பச்சையாக இருந்ததால் அந்தப் பக்கமும் திரும்பி நாலைந்து படம் எடுத்தேன்.

மணி அடிக்க ஆரம்பித்தது. உச்சிவேளை மணி இல்லை. நிறுத்தாமல் அடிக்கிற மணி. வயலில் குனிந்திருந்த பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள். கையிலிருந்த நாற்று முடியைப் போட்டுவிட்டு வரப்பில் ஏறி என்னை நோக்கி வர ஆரம்பித்தார்கள். அப்போதுதான் பனைமரமும், சேற்றுச் சட்டையும், என் முதுகுக்குப் பின்னால் ஆடுகிற கொடியும் ஒன்றுசேர்ந்து எனக்குப் புரிந்தது.

நின்று பேசியிருக்க வேண்டும். நான் ஓடினேன். கால் வாரை மாட்டாமல் சைக்கிளைத் திருப்பி வேகமாக மிதித்தேன். பனைமரத்தை நெருங்கும்போது பின்சக்கரம் சட்டென்று நின்றது, நாங்கள் சாய்ந்தோம், மகள் அலறினாள். அவளுடைய குதிகால் கம்பிகளுக்குள் போயிருந்தது.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சக்கரத்தைப் பின்னால் சுற்றிக் காலை எடுத்துவிடலாம் என்று கையை வைத்தேன். அதற்குள் வந்துவிட்டார்கள். முதலில் வந்தவர் கொடியை மட்டும்தான் பார்த்தார்.

"என்ன மேடம், சைக்கிள்லயே அளந்துட்டீங்களா? எங்க ஊரு எத்தன சென்ட்டு தேறுச்சு?"

பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். முதலில் வந்த அந்த அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். பச்சைச் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தார். அடுத்த நொடி அவர் குரலே மாறிவிட்டது.

"ஐயோ, புள்ள காலுடி! சக்கரத்த சுத்தாதீங்க, சுத்தாதீங்க! கையெடுங்க!"

சுற்றியிருந்தால் தோலோடு வந்திருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார். அந்த அக்கா சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மகளின் கெண்டைக்காலை அசையாமல் பிடித்துக்கொண்டார். யாரோ மோட்டார் கொட்டகைக்கு ஓடி கட்டிங் பிளேயர் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு கம்பியாக வெட்டினார்கள். அதற்குள் முப்பது, நாற்பது பேர் கூடிவிட்டார்கள். கூட்டத்தில் ஒருவர் மட்டும் கொடி விஷயத்தை விடவில்லை.

"நீங்க யாரும்மா? வீட்டுக்காரரு என்ன வேல பாக்குறாரு?"

"வாத்தியாருங்க. கணக்கு வாத்தியார்" என்றேன். எப்படி அவ்வளவு சரளமாக வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

"இந்தக் கொடி?"

"சைக்கிள் கடையில குடுத்தாங்க."

கால் வெளியே வந்தது. குதிகால் பிளந்திருந்தது, கணுக்கால் ஒரு பக்கமாக வீங்கிக்கொண்டிருந்தது. ஆட்டாமல் கட்டணும் என்றார் அந்த அக்கா. சுற்றுமுற்றும் பார்த்தார். எழுந்துபோய் என் கொடிக்கம்பை உருவினார். ஒருவர் அரிவாளால் அதை இரண்டாக வெட்டிக் கொடுக்க, காலின் இருபுறமும் வைத்து, கொடித் துணியைக் கிழித்துக் கட்டினார். ஆபீஸ் எண் என் கண்ணெதிரே இருந்தது. அது இருந்த பக்கத்தைத் துணிக்குள் வைத்துச் சுற்றினார். வேண்டுமென்றே செய்தாரா, கை போன போக்கா, தெரியாது.

ஊருக்குள் ஒரு குட்டியானை வண்டி இருந்தது. ஆனால் ரோட்டில் பனைமரம். அளக்கிற ஜீப் வரக்கூடாது என்று மூன்று வாரமாக அசைக்காமல் போட்டு வைத்த மரம். "எடுத்தா ஜீப்பு உள்ள பூந்துரும்" என்று ஒரு குரல் கேட்டது. "பூந்தா திரும்ப வெரட்டிக்கலாம். புள்ளைக்குக் காலு திரும்ப மொளைக்குமா?" என்றார் அக்கா. அவ்வளவுதான், எல்லோரும் குனிந்து மரத்தை உருட்டினார்கள். வண்டி தாண்டியபின் திரும்பிப் பார்த்தேன். மறுபடி உருட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த அக்கா நடவை அப்படியே விட்டுவிட்டு எங்களோடு வந்தார். வண்டி குலுங்கும்போதெல்லாம் மகளின் கால் அடிபடாமல் தன் தொடையில் ஏந்திக்கொண்டார். அவள் அழுகையை நிறுத்தப் பேசிக்கொண்டே வந்தார். அவருடைய மாமனார் பண்ணையாளாகக் கிடந்தவராம். கொடி பிடித்து, அடி வாங்கி, ஜெயிலுக்குப் போய், கடைசியில் கையில் வந்தது மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலமாம். அதன் நடுவில்தான் இப்போது குழாய் போகிறதாம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கணக்கு வாத்தியாருன்னா நல்லதாப் போச்சு. எங்க மூணு மாவுக்கு ஒரு நாளைக்கு சரியா கணக்குப் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க."

நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர், "அப்பா என்ன வேலை?" என்று கேட்டார். அரசாங்கச் சீட்டில் பொய் எழுதச் சொல்லவும் பயம், அந்த அக்காவை வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லவும் பயம். நான் விழித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் பக்கத்திலிருந்து அந்த அக்காவின் குரல் வந்தது.

"வாத்தியாருங்க. எழுதிக்குங்க."

எலும்பில் லேசான விரிசல், குதிகாலில் தையல். ஒரு மாதம் மாவுக்கட்டு. கணவருக்குப் போன் செய்து, அவர் கிளம்பிவிட்டார் என்று சொன்னதும் அந்த அக்கா எழுந்தார். இருங்க, பார்த்துட்டுப் போங்க என்றேன். "எதுக்குங்க, நடவு கெடக்கு" என்று மகளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போய்விட்டார். முழங்கால் வரை சேறு காய்ந்து வெளுத்திருந்தது. அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்தபோது என் கைக்கு வந்தது ஆபீஸ் எண் இருந்த பாதிக் கம்பு மட்டும்தான். அதைக் கணவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் யாருன்னு சொன்னியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அடுத்த மாதமே வேறு பக்கம் மாறுதல் கேட்டு எழுதிப்போட்டார். நாங்கள் சீர்காழிக்கு வந்துவிட்டோம். அந்தக் குழாய் வேலை இன்னும் இழுபறியில் இருப்பதாகக் கேள்வி.

மகளுக்கு இப்போது ஏழு வயது. வலை போட்ட சைக்கிள் வைத்திருக்கிறாள். குதிகாலில் ஒரு வெள்ளைக் கோடு தவிர ஒன்றுமில்லை. 'என் கால் மாட்டின கோயிலுக்கு' கூட்டிப்போகச் சொல்லி நச்சரிக்கிறாள். வருகிற திருவிழாவுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். ஆனால் கணவர் தானும் வருவதாகச் சொல்கிறார். அவர் வந்தால் நான் எதுவும் சொல்லவே வேண்டாம். சேற்றை வாரி எறிந்தவர்களுக்கு அந்த முகம் மறந்திருக்காது. அவரில்லாமல் போனால் பழைய பொய்யையே மறுபடி சொன்னதாகிவிடும். அந்த அக்காவுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தால், நான் சொல்லப்போகும் உண்மை அவர் மூடி மறைத்துக் காப்பாற்றியதை ஊர் நடுவில் அவிழ்ப்பதாகிவிடாதா? தெரியாதிருந்தால், அவர்கள் மரத்தை உருட்டியது யாருடைய குழந்தைக்காக என்று சொல்லாமல் இருப்பது நியாயமா? தெரிந்திருந்தாலும் உருட்டியிருப்பார்கள் என்று மட்டும் நான் நிச்சயமாக நம்புகிறேன். என் வாழ்க்கையில் நான் சந்தேகப்படாத விஷயங்கள் மிகக் குறைவு, அவற்றில் இது ஒன்று.

பாதிக் கம்பு இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. திருவிழாவுக்கு அதை எடுத்துக்கொண்டு போகட்டுமா, வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகட்டுமா? என்னைவிட அனுபவப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.